பன்னிரண்டு இருந்தால் போதும்

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பகல் முழுக்க ஊராரை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதுமாக இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிரீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் மூன்று மாடி படியேறிப் போவார். அவர் குடியிருந்த கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. மொட்டைமாடியில் பந்தயப் புறாக்கள் இருந்தன. சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, முதலில் புறாக்களை நலம் விசாரித்துவிட்டுத்தான் மனிதர்கள் பக்கம் திரும்புவார். அவரைத் தேடி வருகிறவர்கள் கீழ்வீட்டில் கதவைத் தட்டுவதே இல்லை, நேராக மாடிக்கே போய்விடுவார்கள்.

நான் அக்காவின் ஒரே தம்பி. சரக்கு வேன் ஓட்டுகிறேன். இந்தப் புறா விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மாமாவைத் திட்டுகிற இடம் வரும். அப்போது இவன் என்ன யோக்கியன் என்று நீங்கள் கேட்கக்கூடாது பாருங்கள். பயிற்சிக்காகப் புறாக்களைக் கூடையில் அடைத்து நூறு கிலோமீட்டர், நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிடுவது என் பொறுப்பு. சரக்கை இறக்கிவிட்டு நான் திரும்புவதற்குள் அவை வீடு வந்து, தண்ணீர் குடித்து, ஒரு தூக்கமும் போட்டிருக்கும். “வண்டியில வந்தவன் இப்பத்தான் வர்றான் பாருங்க” என்று அக்கா என்னைக் காட்டிப் புறாக்களிடம் சொல்வாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் புறா வளர்த்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களுக்குப் பிள்ளையையும் தெரியாது, புறாவையும் தெரியாது. அக்காவும் மாமாவும் புறா வளர்த்தது ஜெயிப்பதற்காக. அதிலும் மாமாவைவிட அக்காவுக்குத்தான் வெறி அதிகம். பந்தய நாளில் பாதி நேரம் மாமா எந்தக் கட்டிடத்திலாவது மாட்டிக்கொண்டிருப்பார். வானத்தைப் பார்த்தபடி மாடியில் நிற்பது அக்காதான். புறா இறங்கியதும் அதைப் பிடித்து, காலில் பந்தயத்துக்காக மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, பந்தயக் கிளப் கொடுத்த கடிகாரப் பெட்டிக்குள் போட்டு அழுத்தவேண்டும். அந்த நொடிதான் கணக்கு. அக்கா அதை அழுத்துகிற வேகத்தைப் பார்த்தால் திருடன் பூட்டைத் திறப்பதுபோல இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறகு உதிர்க்கும் காலம் முடிந்து பந்தயக் காலம் தொடங்கும் முன், எத்தனை புறா வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்வார்கள். மாமா ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு புறாவாகக் கையில் எடுப்பார். சிறகை விரிப்பார், கண்ணைப் பார்ப்பார், நெஞ்சை அமுக்குவார். பிறகு கையை விரித்து உள்ளங்கையைப் பார்ப்பார். நல்ல ஆரோக்கியமான புறாவின் இறகில் மெல்லிய வெள்ளைப் பொடி இருக்கும், மாவுபோல. அது கையில் ஒட்டவேண்டும். ஒட்டினால் “இருக்கட்டும்” என்பார். ஒட்டாவிட்டால் “போகட்டும்.” அக்கா வளைய எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுவாள். சும்மா எழுதமாட்டாள். “அதை எதுக்கு வெக்கிறீங்க? அது தின்றதுல மட்டும்தான் முதல்ல வரும்” என்பாள். மாமாவுக்கு மனசு வராது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. ஒரு புறாவுக்குக் கால்மணி நேரம் சண்டை நடக்கும்.

இந்தத் தொழிலில் எண்ணிக்கைதான் பாதி வெற்றி என்பார் மாமா. நிறைய வைத்துக்கொண்டால் எதையும் சரியாகக் கவனிக்க முடியாது. “ரெண்டு கையால தெனமும் எத்தனையைத் தொட்டுப் பாக்க முடியுமோ, அத்தனைதான் வெச்சுக்கணும் மாப்ளே” என்று எனக்கு உபதேசம் செய்வார். வாய்தான் அப்படிப் பேசும். அவர் கூண்டில் எப்போதும் பந்தயத்துக்குப் போவது இருபத்துநாலு, பென்ஷன் வாங்குவது இன்னொரு இருபத்துநாலு.

அந்த வருஷம் இறகு உதிர்கிற காலத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல். காலையில் கூண்டைப் பெருக்கிவிட்டு இறங்கினால் சாயங்காலம் காய்ச்சல், உடம்புவலி. மறுநாள் சரியாகிவிடும். கைவைத்தியம், மருந்துக்கடை மாத்திரை என்று இரண்டு மாதம் ஓட்டினார்கள். படி ஏறும்போது அக்கா நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதை நான்தான் பார்த்தேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு, என் வேனிலேயே ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

அங்கே இருந்த டாக்டர் அம்மா படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிப் பேசவில்லை. “வீட்ல பறவை வளர்க்கறீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார்.

“கொஞ்சம் புறா இருக்கு டாக்டர்,” என்றாள் அக்கா.

“கொஞ்சம்னா?”

“ஒரு பத்து இருக்கும்.”

நாற்பத்தெட்டு இருந்தது. மாமா தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். நல்ல தரை, பளபளவென்று இருந்தது.

“பத்து இல்ல, ஒண்ணுகூட இருக்கக்கூடாது,” என்றார் டாக்டர். “அந்தத் தூசி உங்க நுரையீரலுக்கு ஒத்துக்கல. இப்ப நிறுத்தினா சரியாகும். விட்டா நுரையீரல் கெட்டியாகிப் போகும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”



அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாடியில் முக்காலி போட்டிருந்தது. மாமா புறாக்களைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சண்டை இல்லை, கிண்டல் இல்லை. பன்னிரண்டு முறை “இருக்கட்டும்” கேட்டது. மீதியெல்லாம் “போகட்டும்.”

“டாக்டர் ஒண்ணுகூட வேண்டாம்னாங்களே மாமா,” என்றேன்.

மாமா அக்காவைப் பார்த்தார். அவள் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. “பன்னெண்டு இருந்தா போதும் மாப்ளே,” என்றார் அவர். “நாப்பத்தெட்டுல கால்வாசி. தூசியும் கால்வாசிதானே வரும். அவளை இனிமே கூண்டுப் பக்கமே விடமாட்டேன், நானே பெருக்கிக்கறேன்.”

கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. நான் படித்த படிப்புக்கு அது போதும்.

அந்த முப்பத்தாறு என்ன ஆனது என்று சொல்லவேண்டும். வெளியே பறக்காத குஞ்சுகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், புது வீட்டில் பழகிவிடும். பறந்து பழகிய புறா அப்படியில்லை. எங்கே கொடுத்தாலும் கதவு திறந்தால் பழைய வீட்டுக்கே வந்துவிடும். அதற்காகத்தானே வளர்க்கிறோம். வாங்குகிறவர் ஆயுசு முழுக்க அதை அடைத்தே வைத்திருக்கவேண்டும். அதற்கு ஒத்துக்கொள்கிறவர் கிடைக்காவிட்டால் கழுத்தைத் திருகிவிடுவார்கள். பந்தயக்காரர்கள் பலபேர் அதைச் சர்வசாதாரணமாகச் செய்வார்கள். மாமாவால் முடியாது. நோயில் கிடக்கும் புறாவைக்கூட மடியில் வைத்துக்கொண்டு அது போகும்வரை உட்கார்ந்திருப்பார். அப்படியே தேடிப்பிடித்து, இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு மரக்கடைக்காரரிடம் சேர்த்தோம். பெரிய கூண்டு வைத்திருந்தார். குஞ்சு பொரிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன், வெளியே விடமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தார்.

அக்காவுக்கு இருமல் குறைந்தது. ஒரு மாதத்தில் காய்ச்சல் நின்றது. முகம் தெளிந்து, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னாளாம். பன்னிரண்டு என்ற கணக்கு பலித்துவிட்டது என்று மூன்று பேரும் நம்பினோம். இறகு உதிர்வது அந்த மாதத்தோடு நின்றுபோயிருந்தது என்பதை, அத்தனை வருஷம் புறா வளர்த்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. உதிர்கிற காலத்தில்தான் தூசி பறக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த விஷயம் தேவைப்படுகிற நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தால் மனிதன் ஏன் கஷ்டப்படுகிறான்.

பந்தயக் காலமும் வந்தது. பன்னிரண்டும் பறந்தது பாருங்கள், அப்படி ஒரு பறப்பு! ஐந்நூறு கிலோமீட்டர் பந்தயத்தில் முதல் ஐந்தில் இரண்டு எங்களுடையவை. மாமா காலை ஐந்து மணிக்கு எழுந்து கூண்டைக் கழுவி, மாடியிலேயே குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் கீழே வருவார். ஆனால் பந்தய நாளில் கடிகாரத்தை அழுத்துவது மட்டும் அக்காதான். “முகமூடி போட்டிருக்கேன்ல, ரெண்டு நிமிஷ வேலை” என்பாள்.

நடுவில் ஒருநாள் மரக்கடைக்காரர் வீட்டில் யாரோ கூண்டைச் சரியாக மூடவில்லை. மறுநாள் காலை ஒன்பது புறாக்கள் அக்கா வீட்டு மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன, நல்ல மழையில். மாமா வேலைக்குப் போய்விட்டார். கூண்டுக் கதவு சாத்தியிருந்தது. அவை வருவதும் கதவில் முட்டுவதும் திரும்பிப் போய்ச் சுவரில் உட்காருவதுமாக இருந்திருக்கின்றன. அக்காவால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? போய்த் திறந்துவிட்டாள். துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்தும் விட்டிருக்கிறாள். சாயங்காலம் மாமா வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். “வீட்டுக்கு வந்ததை வெளிய நிறுத்தி வெக்கச் சொல்றீங்களா?” என்று அவரையே திருப்பிக் கேட்டாள். அந்த ஒன்பதையும் நான் மறுபடி கொண்டுபோய் விட்டுவந்தேன்.

அடுத்த இறகுதிர் காலம் வந்தது. மூன்றே வாரத்தில் அக்கா படுக்கையில் விழுந்தாள். உதடு நீலம் பாய்ந்து, ஒரு வாக்கியம் பேச மூன்று முறை நிறுத்தினாள்.

டாக்டர் அம்மா புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்களுக்குப் படம் புரியவில்லை, அவர் முகம் புரிந்தது.

“புறா எல்லாத்தையும் எடுத்துட்டீங்கதானே?”

“நாப்பத்தெட்டு இருந்தது டாக்டர். பன்னெண்டு ஆக்கிட்டோம்,” என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் நல்ல பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டுகிற ஒரு நம்பிக்கை இருந்தது. 

“நான் ஒண்ணுகூட வேண்டாம்னு சொன்னேன்,” என்றார் டாக்டர். “ஒத்துக்காத உடம்புக்குப் பன்னெண்டு என்ன, நாப்பத்தெட்டு என்ன? அந்த இறகுல இருக்கற வெள்ளைப் பொடிதான் எல்லாத்துக்கும் காரணம்.”

“நல்ல ஆரோக்கியமான புறாவுக்குத்தானே டாக்டர் பொடி இருக்கும்?”

“ஆமா. அதுலதான் அதிகமா இருக்கும்.”

மாமா கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். நாற்பத்தெட்டில் பொடி அதிகம் ஒட்டிய பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். ஆஸ்பத்திரி நடைபாதையில், நர்ஸுகளும் நோயாளிகளும் பார்க்க, நான் அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டேன். “பன்னெண்டு வேணும்னு யாரு அழுதா? எங்க அக்காவைப் புறாவுக்குப் பலி குடுத்துட்டீங்களே! ஜெயிச்ச கோப்பையைக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்துல வைங்க, மூச்சு வருதான்னு பாப்போம்!” இன்னும் என்னென்னவோ. பெரியவர், சின்னவர் பார்க்கவில்லை. அவர் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “நீ அவகூட இரு மாப்ளே, வந்துடறேன்” என்று கிளம்பிவிட்டார்.

இரண்டு மணிநேரம் ஆகியும் வரவில்லை. இந்த நிலையிலும் புறாவுக்குத் தீனி போடப் போயிருக்கிறார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் மனைவியை அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு, அடுத்த சுற்றுத் திட்டை மனதில் அடுக்கிக்கொண்டு படியேறினேன்.

மாடியில் ஒரு சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் பன்னிரண்டு புறாக்கள் வரிசையாகக் கிடந்தன. மாமா கூண்டின் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை என்ன செய்தது என்று எனக்குப் புரிய நேரமாகவில்லை.

“ஏன் மாமா? யாருக்காவது குடுத்திருக்கலாமே.”

“எங்க குடுத்தாலும் ஒருநாள் வந்துடும்,” என்றார். “வந்தா அவ கதவைத் தெறப்பா.”

கீழே, கட்டிடத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நான்தான் குழி தோண்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எதன் பெயரையும் சொல்லவில்லை, வளைய எண்ணையும் பார்க்கவில்லை. பிறகு இருவருமாகக் கூண்டைப் பிரித்து, பலகைகளை இறக்கி, மாடியையும் படிக்கட்டையும் வீட்டுச் சுவரையும் தண்ணீர் விட்டுக் கழுவினோம். “தூரத்துல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்னு அவகிட்ட சொல்லப்போறேன். நீயும் அப்படியே சொல்லு,” என்றார். சரி என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். ஜன்னலோரமாகப் படுக்கை. வந்த முதல்நாளே புறாக்களைப் பற்றிக் கேட்டாள். மாமா சொன்னார். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாத்தியாரிடம் கொடுத்திருக்கிறாராம். நல்ல மனிதராம்.

“கூண்டு வெயில் பாத்த மாதிரி இருக்கா?”

“கிழக்குப் பாத்த கூண்டு. நானே போய்ப் பாத்தேன்.”

“அந்தச் சாம்பல் பெட்டை கூட்டத்துல திங்காது, தனியா போடணும். சொன்னீங்களா?”

“சொன்னேன். தனிக் கிண்ணமே வெச்சிருக்கார்.”

அதுவரை பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் அந்த வாத்தியாருக்கு ஒரு வீட்டையே கட்டிக்கொடுத்தார், மனைவியும் இரண்டு பெண்களும் உட்பட. நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

மாமா வேலைக்குப் போகிற நேரத்தில் நானோ என் மனைவியோ அக்காவுடன் இருப்போம். ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“ஆஸ்பத்திரியில நீ அவரைத் திட்டினியாமே. நர்ஸ் சொன்னாங்க.”

“திட்டாம? பன்னெண்டு வேணும்னு பிடிவாதம் பிடிச்சாரே.”

“அவரா பிடிச்சார்? பன்னெண்டு என் கணக்குடா.” மூச்சுக்காக நிறுத்தினாள். “டாக்டரைப் பாத்த அன்னைக்கே எல்லாத்தையும் குடுத்துடலாம்னார். நான்தான் முடியாதுன்னேன். இருபதுன்னேன், அவர் ஒண்ணும் வேண்டாம்னார். கடைசியா பன்னெண்டுக்கு வந்தோம். அவர் மூஞ்சி வாடிப்போகுமேன்னு செஞ்சேன்னு சொன்னா அது பாதிப் பொய். எனக்கும் ஆசைதான். மாடியில நின்னு, தூரத்துல புள்ளியா ஒண்ணு தெரியும் பாரு, அதைவிட எனக்கு இந்த வீட்ல என்ன இருந்தது?”

“இதை அவர் ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ என்னைத் திட்டுவே.”

 அக்கா ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “ஒண்ணுகூட வரலையே,” என்றாள்.

“அறுநூறு கிலோமீட்டர்க்கா. பூட்டி வெச்சிருப்பார்.”

“மரக்கடைக்காரரும்தான் பூட்டி வெச்சிருந்தார். பன்னெண்டும் என் புறாடா. அதுல ஆறு எண்ணூறு கிலோமீட்டர் பாத்தது. நாப்பத்தஞ்சு நாள்ல ஒண்ணுக்குக்கூடவா ஒரு வழி கெடைக்கல?” திரும்பி என்னைப் பார்த்தாள். “அவர் கையாலயா?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை ஆடிவிட்டது.

அழுதாள். அழுவதற்கும் மூச்சு வேண்டும், அது அவளிடம் இல்லை. குழாயைச் சரிசெய்து, முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஓய்ந்தபிறகு என் கையைப் பிடித்தாள். “எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பாவம், இவ்வளவு பொய் சொல்றார். நான் நம்பிட்டேன்னே நெனச்சுக்கட்டும்.”

அன்று சாயங்காலம் மாமா வந்ததும், வாத்தியாரிடமிருந்து போன் ஏதாவது வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றார். சாம்பல் பெட்டை முட்டை வைத்திருக்கிறதாம். “பாத்தியா, எடம் பிடிச்சுப்போச்சு அதுக்கு,” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்னும் மூன்று மாதம் இருந்தாள். அந்த வாத்தியார் வீட்டுக் கதையும் கூடவே வளர்ந்தது. அவள் தினமும் கேட்டாள், அவர் தினமும் சொன்னார்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, ஆக்ஸிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேன் எடுத்துப் போனேன். இருவருமாக அதைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். வேன் பக்கத்தில் வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். “பன்னெண்டு அக்கா சொன்னதுன்னு அக்காவே சொல்லிட்டா மாமா. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது.”

“கேட்டது அவதான். சரின்னு சொன்னது நான்தானே,” என்றார். மெஷினை வேனில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். “மாப்ளே, கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாது மாமா.”

“இருபத்திரண்டு வருஷத்துல அவ எங்கிட்ட எதையுமே மறைச்சதில்ல. நான்தான் இந்த ஒண்ணை மறைச்சு அவளை அனுப்பிட்டேன்.”

நான் கயிற்றின் மறுமுனையை வாங்கி முடிச்சுப் போட்டேன்.